பெயர் மறந்த ஈயும் அத்திரிபாச்சாக் கொழுக்கட்டையும்: குழந்தைப் பருவக் கதைகள் நினைவில் நிற்பது குறித்து

1. முன்னுரை

குழந்தைப் பருவத்தில் கேட்ட கதைகளுள் பல மறைந்துவிடுகின்றன. சில மட்டும் வாழ்நாள் முழுவதும் உடன்வருகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கூறியோரிடையே இரண்டு கருத்துகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. கதை புகட்டும் நீதியே அதனை நிலைநிறுத்துகிறது என்பது ஒன்று. நம் பாடநூல்களும் சிறுவர் கதைத் தொகுப்புகளும் பெரும்பாலும் இக்கருத்தை அடியொற்றியே அமைந்துள்ளன. குழந்தையின் உள்மனத்து அச்சங்களுக்கும் விழைவுகளுக்கும் கதை வடிவம் தருவதால் நிற்கிறது என்பது மற்றொன்று. புரூனோ பெத்தல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூல் ஐரோப்பியக் கதைகளைக் கொண்டு இக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றது.

இவ்விரு கருத்துகளும் கதையின் பொருளையே நோக்குகின்றன. கதையின் மொழி இரண்டிலும் வெறும் ஊர்தியாகக் கருதப்படுகிறது. தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் இரு கதைகளை எடுத்துக்கொண்டு, அவை நினைவில் நிற்பதற்கு அவற்றின் மொழியமைப்பே முதற்காரணம் என்று காட்டுவதும், அவ்வமைப்பைக் கருத்தில் கொள்ளாத அச்சு வடிவங்கள் எதனை இழக்கின்றன என மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள். எடுத்துக்கொண்டவை 'பெயர் மறந்த ஈ', 'அத்திரிபாச்சாக் கொழுக்கட்டை' ஆகியவை. இரண்டும் ஒரு சொல்லை மறந்ததைப் பற்றிய கதைகள். மறதியைப் பேசும் இவை மறக்கப்படாமல் நிற்பது ஆராயத்தக்கது.

2. கதைகள்

வீடு மெழுகிக்கொண்டிருந்த ஓர் ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. அது கன்றிடம் சென்று தன் பெயர் யாதெனக் கேட்கிறது. கன்று தன் தாயைக் கேட்கச் சொல்கிறது; தாய்ப்பசு இடையனைக் கேட்கச் சொல்கிறது. இவ்வாறு இடையன் கைக்கோல், மரம், கொக்கு, குளம், மீன், வலைஞன், சட்டி, குயவன், மண், புல் என ஈ அலைந்து, இறுதியில் குதிரையிடம் வருகிறது. குதிரை கனைக்கிறது. அக்கனைப்பில் ஈ தன் பெயரைக் கேட்டுக்கொள்கிறது. சில வடிவங்களில் குதிரையின் வயிற்றிலுள்ள குட்டி விடை தரும். சங்கிலியின் உறுப்புகளும் வட்டாரந்தோறும் சிறிது வேறுபடும்.

மற்றைய கதையில், மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்று சுவை கண்ட ஒருவன், தன் வீட்டிலும் அதனைச் செய்விக்க எண்ணி, அதன் பெயரை ஓயாது உச்சரித்தபடி வழிநடக்கிறான். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குரலெழுப்பிக் குதிக்கிறான். அதன்பின் அவன் வாயில் நிற்பது 'அத்திரிபாச்சா'வே. வீட்டை அடைந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்துதரக் கேட்கிறான். அப்படியொன்றை அறியாத அவளை அடிக்கிறான். அடிபட்ட இடம் கொழுக்கட்டை போல் வீங்கிவிட்டதே என ஒருவர் கூற, அவனுக்குச் சொல் நினைவு வருகிறது. மறந்த சொல்லைப் பற்றிய இத்தகைய கதை பல நாடுகளில் வழங்குகிறது. ஆர்னே-தாம்சன் கதைவகை அடைவில் இது 1687ஆம் எண்ணைப் பெற்றுள்ளது.

இவ்விரு கதைகளிலும் நீதி என்று பிரித்தெடுத்துக் கூறத்தக்கது இல்லை. ஈ தவறு செய்யவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. கொழுக்கட்டைக் கதையில் தவறு செய்தவன் தண்டனை பெறவில்லை. தமிழ் நாட்டார் கதைகளின் அடிப்படை அறநோக்கே என்று ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் தொகுப்பில் (2001) வாதிட்டுள்ளார். கொடுமை செய்வோர் வீழ்வதும் துன்புற்றோர் மீள்வதுமாக அமையும் நெடுங்கதைகளுக்கு அவ்வாதம் பெரிதும் பொருந்தும். ஆயின் சிறுவர்க்குச் சொல்லப்படும் இத்தகைய குறுங்கதைகளுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே இவற்றின் நிலைபேற்றுக்கு வேறு காரணம் தேடவேண்டியுள்ளது.

3. விளியும் திணையும்

ஈயின் கதையை ஒருவர் சொல்லக் கேட்டால், அதில் இரு மொழிநடைகள் இருப்பது புலனாகும். நிகழ்ச்சிகளைக் கூறும் பகுதி பேச்சுவழக்கில், சொல்பவரின் விருப்பிற்கேற்ப நீண்டும் குறைந்தும் வரும். ஈ பிறரை அழைத்துக் கேட்கும் பகுதியோ எழுத்துவழக்கை ஒட்டிய சொல்வடிவங்களில் அமைந்து, ஏறத்தாழ மாறாமல் வரும். எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் தமிழில் பயன்பாட்டால் பிரிந்து நிற்பதனை இரட்டைவழக்கு என மொழியியலார் விளக்குவர். பள்ளி செல்லாக் குழந்தை, எழுத்துவழக்கை எழுத்தறிவின் துணையின்றித் தன் வாயாலேயே வழங்கும் மிகச் சில இடங்களுள் இக்கதையின் அழைப்பும் ஒன்றாகும்.

அழைப்புகள் அனைத்தும் விளி வேற்றுமையில் அமைந்தவை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு எனத் தனி இயலே வகுத்து, எவ்வீற்றுப் பெயர் எவ்வாறு விளியேற்கும் எனக் கூறுகிறது. அன் ஈற்று உயர்திணைப் பெயர் ஆகாரம் பெற்று விளியாகும். அஃறிணைப் பெயர் விளிக்கப்படுமிடத்து ஏகாரம் பெறும். மேற்காட்டிய வடிவத்தில் ஈயால் அழைக்கப்படுவோர் பதினால்வர். அவர்களுள் இடையன், வலைஞன், குயவன் ஆகிய மூவர் மட்டுமே மாந்தர். இம்மூவரும் ஆகார ஈற்றால் அழைக்கப்பட, எஞ்சிய பதினொன்றும் ஏகார ஈற்றால் அழைக்கப்படுகின்றன. உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாடு தமிழ் இலக்கணத்தின் அடித்தளம். அதனைக் குழந்தை இங்குச் செவிவழியாகவே பிரித்தறிகிறது. இலக்கணம் கற்பிப்பதற்கென இக்கதை தோன்றியது என்பது நம் கருத்தன்று. ஒலியின் ஒழுங்கு பொருளின் ஒழுங்கோடு இயைந்து நிற்பதனால், ஓர் உறுப்பை மறந்தாலும் அதன் ஈற்றொலி அதனை மீட்டுத் தருகிறது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

4. சங்கிலியும் நினைவும்

ஓர் அழைப்பில் இறுதியாக வந்த பெயர் அடுத்த அழைப்பின் முதலில் அடையாக வருகிறது. பசுவை மேய்ப்பவன் எனப் பசுவைக்கொண்டு இடையனும், இடையனுக்குரியது எனக் கோலும், கொக்குக் குளிக்கும் இடம் எனக் குளமும் அறிமுகமாகின்றன. யாப்பிலக்கணத்தார் அந்தாதித் தொடை என்று கூறும் உத்தி இதுவே. அடைகள் ஒருதன்மையன அல்ல. சில பெயரெச்சத் தொடர்கள். சில ஆறாம் வேற்றுமைத் தொடர்கள். பெயரெச்சங்களுள்ளும் சில வினைமுதலைக் கொண்டு முடிகின்றன. சில இடத்தைக் கொண்டு முடிகின்றன. பெயரெச்சம் ஏற்கும் அறுவகைப் பெயர்களை நன்னூல் தொகுத்துக் கூறும். அவற்றுள் செய்பவனும் நிலமும் இங்கு மாறிமாறி வருகின்றன.

ஒவ்வோரிடத்திலும் முன்வந்த அழைப்புகள் அனைத்தையும் திரும்பக் கூறும் முறையில் கதை சொல்லப்படுமாயின், கன்று 14 முறையும் பசு 13 முறையும் என இறங்கிக் குதிரை ஒருமுறை அழைக்கப்படும். ஒரு தடவை கதை சொல்லி முடிப்பதற்குள் 105 அழைப்புகள் நிகழ்கின்றன. ஆயினும் எந்த ஒரு படியிலும் குழந்தை புதிதாகக் கற்கவேண்டியது ஒரே ஓர் உறுப்புத்தான். இதனினும் எளிய கற்பித்தல் முறையை வகுத்தல் அரிது.

நினைவு குறித்த ஆய்வுகள் இவ்விடத்தில் துணைபுரிகின்றன. பார்ட்லெட் (1932) வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை ஆங்கிலேயர்க்குப் படிக்கத் தந்து, பின்னர்த் திரும்பக் கூறச் செய்தார். சொற்கள் மறைந்தன, நிகழ்ச்சிகள் சுருங்கின, அயலானவை கேட்டோரின் பண்பாட்டிற்கு ஏற்றவையாக மாறின. பொருளைமட்டும் பற்றிய நினைவு இவ்வாறு நெகிழ்ந்துகொண்டே செல்லும். டேவிட் ரூபின் (1995) வாய்மொழி மரபுகளை ஆராய்ந்து, ஒலி, பொருள், காட்சி ஆகிய கட்டுப்பாடுகள் ஒருங்கே செயற்படும்போது ஓரிடத்திற்கு ஏற்ற சொல் ஏறத்தாழ ஒன்றே என்னும் நிலை உண்டாகிறது என்றும், அதனால் சொல் மாறாமல் காக்கப்படுகிறது என்றும் விளக்கினார். ஈயின் சங்கிலியில் ஒலிக்கட்டு விளியீற்றிலும், பொருட்கட்டு மேய்ப்பவன், விளைவது, தின்பது என்னும் உறவுகளிலும், காட்சி வயலும் குளமும் சூழ்ந்த ஓர் ஊரின் அமைப்பிலும் உள்ளன. மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இதனைப் பாட்டி, காக்கை, நரி ஆகியோர் வரும் வடைக் கதையோடு ஒப்பிடலாம். அக்கதையும் நினைவில் நிற்கிறது. ஆனால் நிற்பது கதைப்பின்னலே. ஒருவர் சொல்லும் சொற்கள் மற்றொருவர் சொல்வதில் இல்லை. அதனாலேயே காக்கை வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடி நரியை ஏமாற்றுவதாகப் பிற்காலத்தார் முடிவை எளிதாக மாற்ற முடிந்தது. நீதியும் உடன் மாறியது. ஆகவே கதைகள் இருவகையாக நிலைக்கின்றன: ஒன்று பொருள்வழி நிலைப்பது, மற்றொன்று சொல்வழி நிலைப்பது. முன்னது காலத்திற்கேற்ப வளையும். பின்னது வளையாது, ஆயின் சொல் சிதைந்தால் கதையே சிதையும்.

சங்கிலிக் கதைகள் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. வங்காளத்தில் கதை முடிவில் கூறப்படும் மரபுத் தொடரொன்றில், வாடிய செடி பசுவையும், பசு இடையனையும், இடையன் சோறிடாத மருமகளையும், அவள் அழும் குழந்தையையும், குழந்தை கடித்த எறும்பையும் காரணம் காட்டும். லால் பிகாரி தே 1883இல் வெளியிட்ட வங்கக் கதைத் தொகுப்பின் முன்னுரையில் இத்தொடரை எடுத்துக்காட்டினார். கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய அவரும் இச்சங்கிலியை விட்டுவிட விரும்பவில்லை என்பது கருதத்தக்கது.

5. 'ஈ' என்னும் விடை

கதையின் முடிவு தமிழ் ஒலியமைப்பைச் சார்ந்தது. 'ஈ' ஓரெழுத்தொருமொழி, நன்னூல் கூறும் நாற்பத்திரண்டனுள் ஒன்று. குதிரையின் கனைப்பில் நீண்டொலிக்கும் உயிரும் அதுவே. பொருளற்ற விலங்கொலி திடீரென ஒரு பெயராகிவிடுகிறது. குதிரை விடை கூறியதா, வெறுமனே கனைத்ததா, ஈயைக் கண்டு சிரித்ததா என்பது கதையில் தீர்க்கப்படுவதில்லை. கேட்ட ஈதான் ஒலியைச் சொல்லாக்கிக்கொள்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான தொடர்பு இடுகுறித்தன்மையது எனச் சசூர் கூறினார். பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரித்த நம் இலக்கண மரபும் இதனை அறியும். அவ்விடுகுறியைக் கொண்டே இக்கதை விளையாடுகிறது.

இம்முடிவு மொழிபெயர்ப்புக்கு உட்படாது. தெலுங்கில் ஈக்கு 'ஈக' என்னும் பெயர் வழங்குவதால் அங்கும் இதே கதை வாழ்கிறது. வீடு மெழுகும்போது பெயர் மறந்த ஈ தெலுங்கு வழக்கிலும் பெயர்பெற்றது. கன்னடத்தில் 'நொண' என்றும் இந்தியில் 'மக்கீ' என்றும் ஈயின் பெயர் அமைவதால், குதிரையின் கனைப்பு அவற்றில் விடையாக இயலாது. கதைப்பின்னலை மட்டும் கொண்டுசென்றால் இறுதியில் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. அரிச்சுவடி கற்கும் பருவத்துக் குழந்தை 'ஈ' என்னும் எழுத்துக்கு ஈயின் படத்தையே காண்பதும் இங்கு இணைத்து எண்ணத்தக்கது. எழுத்து, சொல், விலங்கொலி ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் கூடுமிடத்தில் கதை முடிகிறது.

6. கொழுக்கட்டையை வென்ற சொல்

கொழுக்கட்டைக் கதையில் நினைவு செயற்படும் முறை வேறு. அவன் சொல்லை உருப்போடுகிறான். உருப்போடுவதால் ஒலியுருவைச் சிறிது நேரம் தக்கவைக்க முடியும் என்பதும், இடையில் வேறு ஒலி புகுந்தால் அது சிதையும் என்பதும் பேட்லியும் ஹிட்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவுக் கொள்கையைத் தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயின. ஒலியால் ஒத்த சொற்கள் ஒன்றையொன்று மிகுதியாகக் குழப்பும் என்பதும் அவ்வாய்வுகளின் முடிவு.

இக்கண்ணோட்டத்தில் இரு சொற்களையும் நோக்கினால், 'அத்திரிபாச்சா' தற்செயலாக அமைந்த கூச்சல் அன்று என்பது விளங்கும். 'கொழுக்கட்டை' நிரை நேர் நேர் என அலகு பெறும். 'அத்திரிபாச்சா' நேர் நிரை நேர் நேர் எனப் பெறும். முதலில் ஒரு நேரசை மிகுவதைத் தவிர இரண்டின் அசையமைப்பும் ஒன்றே. ஒவ்வொன்றிலும் இரண்டு இரட்டித்த வல்லினங்கள் உள்ளன: அங்குக் ககரமும் டகரமும், இங்குத் தகரமும் சகரமும். ஒரு சொல்லின் தாளத்தில் மற்றொரு சொல் அமர்ந்துகொள்கிறது. கேட்கும் குழந்தைக்கு இச்சொல்லின் பொருள் வேண்டுவதில்லை. பொருளின்மையே இன்பம் தருகிறது.

இழந்த சொல் மீளும் வழியும் நோக்கத்தக்கது. ஈக்குப் பெயர் ஒலியால் மீண்டது. இவனுக்கு உவமையால் மீள்கிறது. ஒலியுரு அழிந்தபின்னும் பொருளின் வடிவம் அழியவில்லை. வீக்கத்தின் உருவைக் கண்டு ஒருவர் கூறிய ஒப்புமை சொல்லை எழுப்புகிறது. எனவே வீக்கம் இக்கதையின் கீல்.

அவ்வீக்கத்தை உண்டாக்கியது மனைவியின்மீது விழுந்த அடி. சிறுவர்க்கு எழுதுவோர் இங்கு இடர்ப்படுவது இயல்பே. சொல்லை மறந்தவன் ஒருவன். அதற்காக அடிபட்டவள் மற்றொருத்தி. இது நகைப்புக்குரியது எனக் குழந்தைக்குக் கற்பித்தல் ஏற்புடையதன்று. அதே நேரத்தில், இல்லங்களில் இத்தகைய கதைகளைச் சொல்லிவந்தோர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் மறத்தலாகாது. அறிவிலியாகக் காட்டப்படுபவன் கணவனே. அடியை நீக்கி, 'சட்டென நினைவு வந்தது' என எழுதும் வடிவங்கள் கீலையே கழற்றிவிடுகின்றன. வாய்க்காலில் அவனே இடறி விழுந்து அவன் நெற்றியே வீங்குவதாக மாற்றினால் கீல் நிலைபெறும். குதித்தவனே அடிபடுவதும் கதைக்குப் பொருந்தும். ஆயின் ஒருவன் மறதியின் விலையை மற்றொருவர் கொடுக்க நேர்ந்தது என்னும் கசப்பு அதில் இராது. வளர்ந்தோர்க்கான தொகுப்பில் பழைய வடிவமும் சிறுவர்க்கான நூலில் மாற்று வடிவமும் இடம்பெறலாம். எது மாற்றப்பட்டது என்று குறித்தல் தொகுப்பாசிரியர் கடமை.

7. ஆம் என்னும் இடைச்சொல்

கதைகளின் பேச்சுவழக்குப் பகுதியிலும் மாறாத கூறு ஒன்று உண்டு. 'இருந்தாராம்', 'மறந்துபோச்சாம்' என ஒவ்வொரு வினைமுற்றின் இறுதியிலும் 'ஆம்' வருகிறது. தான் நேரிற் காணாததைப் பிறர் வாய்க் கேட்டதாகக் கூறும் பொருளது இது. தெலுங்கின் 'அட்ட', கன்னடத்தின் 'அந்தெ', மலையாளத்தின் 'அத்ரே' ஆகியனவும் இப்பொருளன. நாள்தோறும் வழங்கும் பேச்சில் 'ஆம்' சேர்த்தால் செய்தியின் உறுதி குறையும். கதையிலோ அது கேட்போரை ஒரு நெடிய வரிசையில் நிறுத்துகிறது. சொல்லும் பாட்டியும் தனக்குச் சொன்ன ஒருவரிடமிருந்து கேட்டவளே. கேட்கும் குழந்தை நாளை அதே 'ஆம்' சேர்த்துச் சொல்லும் தகுதியை அப்போதே பெற்றுவிடுகிறது. கதை எவர்க்கும் உடைமையன்று என்பதனை இலக்கணமே அறிவித்துவிடுகிறது.

இக்கதைகளில் இயற்பெயர்கள் இல்லாமையும் இதனோடு தொடர்புடையது. அகப்பாடல்களில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறார் என்னும் தொல்காப்பிய மரபை நாட்டார் கதைகளுக்குப் பொருத்திக் காட்டியவர் ஏ.கே. ராமானுஜன். வீட்டினுள் பெண்கள் சொல்லும் கதைகளில் மாந்தர்க்குப் பெயரில்லை என்றும், அவை பொதுவிடத்திற்கு வரும்போது பெயர்கள் பெறுகின்றன என்றும் கன்னடக் கதைகளைக் கொண்டு அவர் விளக்கினார். ஈ மறந்ததும் இயற்பெயரன்று, தன் இனத்தின் பெயரே. ஒவ்வொரு பொருளுக்கும் பெயருண்டு என்பதைக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, தன் பெயரே தெரியாத ஓர் உயிர் அச்சமும் நகைப்பும் ஒருங்கே தரும்.

8. அச்சு வடிவங்கள்

பண்டித நடேச சாஸ்திரியார் 1884 முதல் வெளியிட்ட தென்னிந்தியக் கதைகள் ஆங்கிலத்தில் அமைந்தன. கதைப்பின்னலைக் காத்தமைக்கு நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். சொற்கட்டை ஆங்கிலம் காக்க இயலாது. வங்காளத்தில் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907இல் 'டாகுர்மார் ஜுலி'யை வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதிய தாகூர், பாட்டியின் வாய்மொழி அச்சிலும் உயிரோடு இருப்பதனைப் பெரிதும் பாராட்டினார். தமிழில் அப்பணியை முனைந்து செய்தவர் 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன். மக்களின் பேச்சுமொழியை எழுத்தில் கொணர்வதை அவர் குறையாகக் கருதவில்லை.

எனினும் சிறுவர்க்கென வரும் பல நூல்கள் வேறு வழியிற் செல்கின்றன. 'ஆம்' நீக்கப்பட்டு 'இருந்தது', 'சென்றது' என முற்றுகள் திருத்தப்படுகின்றன. ஈயின் சங்கிலி 'ஈ பலரிடமும் கேட்டது' என ஒரு வரியில் சுருக்கப்படுகிறது. இறுதியில், பெயரை மறத்தலாகாது என்பது போன்ற நீதியொன்று சேர்க்கப்படுகிறது. சொல்வழி நிலைக்கும் கதையைப் பொருள்வழி நிலைக்கும் கதையாக மாற்றும் முயற்சி இது. ஆனால் இக்கதையின் பொருள் தனித்து நிற்கும் அளவுக்குக் கனமுடையதன்று. எனவே இவ்வாறு அச்சேறிய கதை படிக்கப்படும்; திரும்பச் சொல்லப்படாது. தாத்தா பாட்டியர் உடனில்லாத இல்லங்களிலும், தில்லி, மும்பை போன்ற நகரங்களில் தமிழை வீட்டில் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளிடத்தும் இவ்விழப்பு பெரிது. அவர்கட்கு எழுத்துவழக்குத் தமிழை முதன்முதல் இன்பத்தோடு அறிமுகப்படுத்தத்தக்க சங்கிலியைத்தான் நூல்கள் வெட்டிவிடுகின்றன.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. குழந்தைப் பருவக் கதைகளுள் ஒரு வகை, நீதியாலோ உள்மன விழைவாலோ அன்றி, சொற்கட்டின் உறுதியாலேயே நிலைக்கிறது. அச்சொற்கட்டு அந்தந்த மொழியின் ஒலி, வேற்றுமை, பெயரெச்சம், யாப்பு ஆகியவற்றில் வேரூன்றியது. ஆகவே ஒரு கதையின் மாற்று வடிவம் ஏற்புடையதா என்பதனை அதன் கீல் காக்கப்பட்டதா என்னும் அளவுகோலால் மதிப்பிடவேண்டும்.

தொகுப்பாளர்கள் நிலைத்த பகுதியையும் நெகிழும் பகுதியையும் பிரித்துப் பதிவு செய்தல் வேண்டும். ஒலிப்பதிவோடு கூடிய தொகுப்புகள் இதற்கு ஏற்றவை. ஈயின் சங்கிலியில் வட்டாரந்தோறும் எவ்வுறுப்புகள் மாறுகின்றன, விளியீறுகள் மாறுகின்றனவா, தெலுங்கு வடிவங்களுக்கும் தமிழ் வடிவங்களுக்கும் எல்லை மாவட்டங்களில் உள்ள உறவு யாது என்பன கள ஆய்வால் தெளிவாகவேண்டியவை. சங்கிலியை முழுமையாகச் சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் நலம்.